கேபிளின் அந்த முனை

எரிந்த மோட்டாரைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்கு விஷயம் தெரிந்துவிடும். வார்னிஷும் பேப்பரும் கருகிய அந்த வாடை தலைமுடியில் ஏறினால் லேசில் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் மெல்லத் தள்ளி உட்காருவார்கள். எனக்கு அது பழகிப்போனது. அதனால்தான் அந்தச் சுரங்கத்து மோட்டாரை முதல் தடவை திறந்தபோது எனக்கு என்னவோ செய்தது. வாடையே இல்லை. உள்ளே செம்புக் கம்பிக் காயில்கள் எல்லாம் நேற்றுக் கட்டியவை போலத் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தன. மோட்டார் செத்திருந்தது, ஆனால் எதனால் செத்தது என்பதற்கு உடம்பில் ஒரு அடையாளமும் தெரியவில்லை.

என் கணவர் டார்ச்சை அடித்து ஒவ்வொரு காயிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கண்டுபிடித்தார். கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில், முதல் காயிலின் முதல் சுற்றில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. அங்கே மட்டும் செம்பு உருகி, ஓரத்தில் கடுகு போல உறைந்திருந்தது.

"என்னமோ கடிச்ச மாதிரி இருக்குது," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கடி என்றே பெயர் ஆகிவிட்டது.

வடக்குத்து என்கிற ஊரில் மெயின் ரோட்டை ஒட்டி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் நெல்லிக்குப்பத்துக்காரர், சர்க்கரை ஆலைப் பக்கத்தில் ஒரு கடையில் வேலை கற்றவர். நான் பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடத்திய கல்யாணம் எங்களுடையது. கடைச் சுவரில் ஒரே ஆணியில் அவருடைய பிள்ளையார் காலண்டரும் என்னுடைய மாதா படமும் தொங்குகின்றன. யார் முன்னால், யார் பின்னால் என்று காலையில் ஒரு சண்டை போட்டால்தான் எங்களுக்கு ஷட்டர் திறந்த மாதிரி இருக்கும்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் முதல் காயிலை அவர்தான் கட்டுவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கம்பியை எடுப்பார். சுற்று தவறாமல் இருக்க நான் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவேன். அந்தக் காயிலில்தான் வெளியிலிருந்து வரும் ஒயரை இணைப்போம். மிச்சக் காயில்களை நானும் கடை ஆளும் கட்டுவோம். "கரண்ட் மொதல்ல தொடுறது அந்தக் காயிலத்தான். அதுக்குக் கைராசி வேணும்," என்பார். "அவ்வளவு ராசியான கையா இருந்தா ஒரு நாள் குழம்பு வைங்க, பார்க்கலாம்," என்று நான் வாயைக் கிண்டுவேன். உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கை மேல் பெருமைதான். முந்திரி ஃபேக்டரிக்காரர்கள், ரைஸ் மில்காரர்கள் எல்லாரும் வேறு எங்கேயும் போகாமல் எங்களிடம் வந்ததற்கு அந்தக் கைதான் காரணம்.

சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த ஒரு கம்பெனியின் மோட்டார்கள் எங்களிடம் வர ஆரம்பித்தன. கீழே பள்ளத்தின் அடியில் தேங்கும் தண்ணீரை ஒரு பம்ப் இறைத்துப் பாதி உயரத்தில் உள்ள குட்டைக்கு அனுப்பும். அங்கேயிருந்து இன்னொரு பம்ப் அதை மேலே தள்ளும். இரண்டுக்கும் ஒரே அளவு மோட்டார், கூட ஒரு ஸ்பேர். கீழ்ப் பம்ப்பின் மோட்டார்தான் சாகும். நாங்கள் புதுசாகக் கட்டிக் கொடுப்போம். அது ஸ்பேராகப் போய் நிற்கும். அதற்குள் கீழே ஓடிக்கொண்டிருப்பது செத்து வரும்.

மோட்டார் சாவது எங்களுக்குப் புதுசு இல்லை. சுமை அதிகமானால் எல்லாக் காயிலும் கருகும். மூன்று லைனில் ஒன்று போய்விட்டால் சில காயில் கருகி மிச்சம் அப்படியே இருக்கும். தண்ணீர் புகுந்தால் பச்சை பிடிக்கும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு முகம் உண்டு. இந்த மோட்டார்களுக்கு மட்டும் அந்த ஒரு கடி, அதுவும் எப்போதும் முதல் காயிலின் முதல் சுற்றுகளில். அதாவது அவர் கையால் கட்டிய காயிலில்.

முதலில் கம்பியைச் சந்தேகப்பட்டார். வேறு கம்பி வாங்கினோம். பேப்பரை இரட்டையாக மடித்து வைத்தார், வார்னிஷை இரண்டு தடவை ஊற்றினார், சூட்டுப் பெட்டியில் கூடுதல் நேரம் வைத்தார். மோட்டார் போகும். சில வாரம் ஓடும். திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் அவர் டார்ச்சை நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோவார். மற்ற இடங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கடி அங்கேதான் இருக்கும்.

கம்பெனி சூப்பர்வைசர் வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு நாள் மோட்டாரை இறக்கும்போது, "என்னாண்ணே, கை வெச்சா வாழ்ந்துகினு இருந்துது, இப்ப உங்க கை பட்டாலே செத்துப்பூடுதே," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். என் கணவர் இறக்கிய மோட்டாரைத் திறக்காமலே பின்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த சூப்பர்வைசரை நாலு கேள்வி கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் அவர் சொன்னதை நான் மதித்த மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மோட்டாருக்குத்தான் என் கணவர் சொன்னார். "இந்த தடவ மொதல் காயில நீ கட்டு."

"ஏன், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கட்டுன்னா கட்டேன்."

கட்டினேன். அவர் எண்ணவில்லை, வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே எனக்குள் எண்ணிக்கொண்டேன். முடித்ததும், வெளி ஒயர் வந்து சேரும் டெர்மினல் பெட்டியின் ஓரத்தில் ஆணியால் சின்னதாக ஒரு சிலுவை கீறி வைத்தேன். பயம்தான், வேறென்ன.

அந்த மோட்டார் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் போனது, இன்னொரு மாதமும் போனது. நடுவில் வேறொரு மோட்டார் வந்தது. அது அவர் முன்னாலேயே கட்டிக் கொடுத்திருந்தது. அவருடைய முதல் காயில், அதில் அதே கடி. என்னுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் போன் செய்து, "அக்கா, உங்க கைதான் கை. இனிமே எங்க மோட்டார அண்ணன் தொட வேணாம்," என்றார். ஸ்பீக்கரில் இருந்தது. என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவ்வளவுதான், அன்றோடு அவர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பால் பாக்கெட்டைக் கிழிக்கக்கூட என்னைக் கூப்பிட்டார். வீட்டு ஃபேன் நின்றபோது தெரு முனையிலிருந்து எலக்ட்ரீஷியனை அழைத்து வரச் சொன்னார். ஊரில் பாதி மோட்டாரைக் கட்டியவர் வீட்டு ஃபேனுக்கு ஆள் தேடினால் நான் என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அந்த மனிதருக்குப் படிப்பு இல்லை, பேச்சுச் சாமர்த்தியம் இல்லை, அவரிடம் இருந்ததெல்லாம் அந்தக் கைதான். அதை அவருக்கு எப்படியாவது திருப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கீழ்ப் பம்ப்பின் டிரைவ் அடிக்கடி தானாக நின்றுபோகிறது என்று பாண்டிச்சேரியிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்கள். டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைக்கிற பெட்டி. "நீங்களும் வாங்கக்கா. தப்பு காயில்லயா பொட்டியிலயான்னு நேர்லயே பேசி முடிச்சுக்கலாம்," என்றார் சூப்பர்வைசர். என் கணவர் வர மாட்டேன் என்றார். நான் பாஸ் வாங்கிக்கொண்டு போனேன்.

சுரங்கத்துக்குள் ஜீப் இறங்க இறங்க வெளிச்சம் கூடும். மேலே மரம் இருக்கிறது, சாலை இருக்கிறது. கீழே எதுவும் கிடையாது, சாம்பல் நிற மண் படிப்படியாக இறங்கி, அடியில் நிலக்கரி கருப்பாகக் கிடக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தது உச்சி வேளை. நிழலே இல்லை. அவரவர் நிழல் அவரவர் காலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. தூரத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷின் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது, காற்று எதிர்ப் பக்கம் அடித்ததால். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பள்ளம் புதிது இல்லை. ஆனாலும் உச்சி வெயிலில் அங்கே நிற்கும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

கீழ்ப் பம்ப்பில் ஒரு பெரியவர் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்காக எடுத்த ஓர் ஊரில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர், இப்போது காண்ட்ராக்டில் பம்ப் பார்க்கிறார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவருடைய ஊர் எங்கே இருந்தது என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எதையும் காட்டவில்லை, தலையை நிமிர்த்தி வானத்தைக் காட்டினார்.

"அதோ பருந்து சுத்திகினு இருக்குதே, அங்கதாம்மா எங்க வூடு. இதுக்கு நேர் மேல கெணறு. நீ நிக்கிற எடத்துக்கு நேர் மேல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெறும் வெளிச்சம். ஊர் இருந்த மண்ணை அள்ளிவிட்டதால் ஊர் இருந்த இடம் இப்போது ஆகாசத்தில் இருக்கிறது. இது எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. இருந்தாலும் என் தலைக்கு மேலே, அவ்வளவு உயரத்தில், பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்று தோன்றியதும் உடம்பு ஒரு தடவை சிலிர்த்துவிட்டது.

"சத்தம் கேக்குதா?" என்றார்.

கேட்டது. மோட்டார் ஓடும் சத்தத்துக்கு மேலே, மெல்லியதாக, விடாமல் ஒரு கீச்சு. டிரைவ் வைத்த மோட்டார் எல்லாம் அப்படித்தான் கீச்சிடும் என்று எனக்குத் தெரியும்.

"எங்க கெணத்து ராட்டினம் இப்பிடித்தான் கத்தும். உச்சி வேளையில பொம்பளைங்க தண்ணி சேந்த வருவாங்க," என்றார். அவர் குரலில் பயமே இல்லை. "அவுங்க தண்ணிய நம்ம எடுத்துகினு இருக்கோம், அதான் கடிக்கிறாங்க. வேற ஒண்ணும் இல்ல."

நான் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

இன்ஜினியர் பாதி உயரத்தில் இருந்த பேனல் ரூமில் இருந்தார். நிலக்கரித் தூசியும் சூடும் ஆகாது என்பதால் இரண்டு பம்ப்பின் டிரைவ்களையும் ஏசி போட்ட அந்த ஒரே ரூமில் வைத்திருந்தார்கள். ரூமின் கதவை ஒட்டி மேல் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி உள்ளே போகக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். மேல் பம்ப்பின் டெர்மினல் பெட்டியில், ஓரத்தில், ஆணியால் கீறிய ஒரு சிலுவை.

"இது இங்க எப்ப வந்துச்சு?" என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். 

"வந்த அன்னிக்கே இங்கதாங்க்கா. மேல் மோட்டார்ல பேரிங் சத்தம் குடுத்துகினு இருந்துச்சு. இது ஸ்பேரா நின்னுச்சு, தூக்கி மாட்டிட்டோம்."

"கீழ ஓடவே இல்லையா?"

"எங்க ஓடுனா என்னாக்கா? ரெண்டும் ஒரே மோட்டார், ஒரே கரண்ட்."

மோட்டார் சாகிற இடத்துக்கே போகாத ஒன்றை வைத்துத்தான் என் கையைப் புகழ்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன், இன்ஜினியர் இருந்ததால் விட்டேன்.

இன்ஜினியர் என் வயதுக்காரர், தூக்கம் இல்லாத கண், ரொம்பப் பொறுமை. திரையில் கரண்டை வரைந்து காட்டும் ஒரு கருவி வைத்திருந்தார். முதலில் டிரைவ் வாசலில் வைத்துப் பார்த்தார். திரையில் ஒரே உயரத்தில் மதில் சுவர் போல வரிசை. பிறகு எல்லோரும் கீழே போனோம். கீழ் மோட்டாரின் வாசலில் வைத்தார். அதே மதில்தான், ஆனால் ஒவ்வொரு மதிலின் முன் ஓரத்திலும் ஒரு முள் நெட்டுக்குத்தாக நின்றது. கிட்டத்தட்ட மதிலைப் போல இரண்டு மடங்கு உயரம். மேலே இல்லாத அது கீழே இருந்தது. நடுவில் இருந்தது வெறும் கேபிள்.

"சாதா மீட்டர்ல இது தெரியாது மேடம். கண் சிமிட்டுற நேரத்துல லட்சத்துல ஒரு பங்கு நேரம்கூட நிக்காது. வரும், அடிக்கும், போயிடும்," என்றார்.

எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதை நான் இப்படி வைத்திருக்கிறேன். டிரைவ் கரண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, சுத்தியலால் அடிப்பது போல நொடிக்கு ஆயிரக்கணக்கான அடிகளாக அனுப்புகிறது. ஒவ்வொரு அடியும் கேபிளில் ஓடி மோட்டாரின் வாசலில் முட்டுகிறது. கேபிள் ஒரு மாதிரி வழி, மோட்டார் வேறு மாதிரி வழி என்பதால் வந்த வேகத்தில் உள்ளே நுழைய முடியாமல் திரும்புகிறது. வேகமாக ஓடும் வாய்க்காலில் சட்டென்று பலகையை இறக்கினால் பலகையடியில் தண்ணீர் எழும்பித் திரும்புமே, அது போல. திரும்புவதும் வருவதும் அந்த வாசலில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மேல் பம்ப்புக்கு இருப்பது போலக் கேபிள் குட்டையாக இருந்தால், அடி முழு உயரத்துக்கு எழும் முன்பே திரும்பியது டிரைவுக்குப் போய் வந்து அதைத் தணித்துவிடும். நீளமாக இருந்தால் தணிக்க நேரம் இல்லை. எழுந்து நிற்கும் அந்த உயரத்தை முதலில் வாங்குவது முதல் காயிலின் முதல் சுற்றுகள். பின்னால் இருக்கும் காயில்களுக்கு விஷயமே தெரியாது.

அந்தக் கேபிள் ஏன் நீண்டது என்பதுதான் கூத்து. சுரங்கம் நின்ற இடத்தில் நிற்காது, தினமும் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். பெல்ட்டை நீட்டுவார்கள், பைப்பை நீட்டுவார்கள், ரோட்டை நீட்டுவார்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் முன்னால் போகப்போகக் கீழ்ப் பம்ப்பை இழுத்துக்கொண்டு போய், கேபிளில் ஒரு ஜாயின்ட் போட்டு நீட்டினார்கள். ஏசி ரூம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. நீட்டுவதைத் தப்பென்று நினைக்கிற ஆள் அந்தச் சுரங்கத்தில் ஒருவர்கூட இருக்க முடியாது. டிரைவ் இல்லாத பழைய ஸ்டார்ட்டர் காலத்தில், வேறு பள்ளங்களில், இதே அளவு நீளக் கேபிளில் மோட்டார்கள் வருஷக்கணக்காக ஓடியிருக்கின்றன. டிரைவ் வந்த புதிதில், கேபிள் குட்டையாக இருந்தபோதும் நன்றாகவே ஓடியிருக்கின்றன. டிரைவும் நீளக் கேபிளும் சேர்ந்தபோதுதான் கடி ஆரம்பித்தது. டிரைவிலிருந்து கேபிள் கிளம்பும் இடத்தில் சோக்கு என்கிற ஒரு கம்பிச் சுருளை மாட்டினால் அடியின் கூர்மை மழுங்கிவிடும் என்றார் இன்ஜினியர். பிறகு மாட்டினார்கள், கடியும் நின்றது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

சோக்கு வர நாளாகும். அதுவரை தண்ணீரை இறைத்தாக வேண்டும், மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. டிரைவில் அடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைக்கிறேன், மோட்டார் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கியாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் போனார். சூப்பர்வைசருக்கு அவர் பேசியதில் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும்க்கா. உங்க கை பட்ட மோட்டார கீழ எறக்கிடறேன். சோக்கு வர்ற வரைக்கும் தாங்கும்."

"எறக்குங்க, இன்னைக்கே எறக்குங்க," என்றேன். அவர் அது ஓட வேண்டும் என்று இறக்கினார். நான் அது சாக வேண்டும் என்று இறக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் கணவரிடம் சொன்னேன். முள்ளை விரலால் தரையில் வரைந்து காட்டினேன். அவர் கையைத் துண்டை விட்டு எடுக்காமலே கேட்டார். எல்லாம் முடிந்ததும், "அப்பிடின்னா உன் காயிலும் அங்க சாகணும்," என்றார்.

"சாகும்."

"சாகலன்னா?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அதன் பிறகு வந்த நாட்கள் போனைப் பார்த்தே நகர்ந்தன. போன் அடித்தால் இரண்டு பேரும் நிமிர்வோம். போர் மோட்டார்காரராக இருக்கும், கேஸ்காரராக இருக்கும். வாரம் ஒரு தடவை சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஓடிகினே இருக்குதுக்கா! பொட்டிக்காரன் சும்மா பயம் காட்டிட்டுப் பூட்டான்," என்பார். ஒவ்வொரு தடவையும் என் கணவரின் முகம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். மாதா படத்தின் முன்னால் நின்று, தாயே, என் மோட்டாரை எரித்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு ஜெபத்தை மாதா வேறு எவர் வாயிலிருந்தும் கேட்டிருக்க மாட்டாள். சில நாள் வேறு ஒரு நினைப்பு வரும். இன்ஜினியர் தப்பாக இருந்தால்? குறை உண்மையிலேயே என் கணவர் கையில்தான் இருந்தால்? அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கையைப் பார்க்கவே பயமாக இருக்கும். இருபது வருஷம் என்னைத் தொட்ட கை அது.

பொறுக்க முடியாமல் ஒரு தடவை பாஸ் வாங்கிக்கொண்டு கீழே போனேன். அன்றைக்கும் உச்சி வேளைதான் வாய்த்தது. மோட்டாரின் மேல் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, குங்குமம் தடவியிருந்தார்கள். கீச்சுச் சத்தம் மாறியிருந்தது. இன்ஜினியர் அடிகளைக் குறைத்து வைத்ததால் இப்போது கனமாக, மூக்கால் முனகுவது போல ஒலித்தது.

"ராட்டினம் மெதுவா சுத்திகினு இருக்குது. யாரோ வயசானவங்க சேந்தறாங்க போல," என்றார் பெரியவர்.

நான் மோட்டாரின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, உயிருள்ள ஒன்றைத் தொட்ட மாதிரி. நொடிக்கு ஆயிரம் தடவை அந்தக் கேபிளில் ஏதோ ஓடி வந்து என் கையால் சுற்றிய முதல் சுற்றில் முட்டித் திரும்பிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, பெரியவர் காதில் விழாதபடி, "செத்துப் போயேன்," என்று அதனிடம் சொன்னேன். அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

அப்புறம் சோக்கு வந்துவிட்டது. "திங்கக்கிழம மாட்டறோம்க்கா. இனிமே தொந்தரவே இல்ல," என்றார் சூப்பர்வைசர். நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவர் குரலில். அதை மாட்டிவிட்டால் என் மோட்டார் சாகாது. அது சாகாவிட்டால் என் கணவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. நான் எவ்வளவு படம் வரைந்தாலும், அவருடைய காயில்கள் செத்தன, என்னுடையது சாகவில்லை என்பதுதான் அவர் கண்ணால் பார்த்த கணக்காக நிற்கும். அன்று சமைக்கக்கூட மனம் வரவில்லை. அவரிடம் சோக்கு வந்த விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுதான," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. போன் அடித்தது. புது நம்பர்.

"எம்மா, நான்தான், பம்ப்புலேருந்து. உன் மோட்டார் நின்னுபோச்சும்மா. சத்தமே இல்ல."

அன்று பிற்பகல் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கடை ஆளுக்கு லீவு. நானே பட்டுப்புடவையோடு நட்டுகளைக் கழற்றினேன். ஸ்பேனர் இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த சத்தத்துக்குப் பின்கட்டில் நாற்காலி நகர்வது கேட்டது. மூடியைத் தூக்கினேன். வாடையே இல்லை. காயில்கள் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தன.

அவர் பின்னால் வந்து நின்றார். நான் டார்ச்சை நீட்டினேன். வாங்கத் தயங்கினார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாங்கினார். வெளிச்சம் நேராக முதல் காயிலுக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது யாரு கட்டுன காயிலு?" என்றார்.

"நான் கட்டுனது."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். முதல் சுற்றில், குண்டூசி முனை அளவுக்கு, அதே கடி. ஓரத்தில் கடுகு போல உறைந்த செம்பு. அவர் கட்டைவிரலால் அதை மெல்லத் தடவினார், திரும்பவும் தடவினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் உடைந்திருப்போம்.

போன் அடித்தது, சூப்பர்வைசர். துக்கம் கேட்கிற குரலில், "என்னாக்கா இது, உங்க கையும் போச்சா?" என்றார்.

"ஆமாங்க, போச்சு," என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வேறு. "என் கையும் சுத்தமாப் போச்சுங்க!"

அவர் அந்தப் பக்கம் "அக்கா, அக்கா, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் கணவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். வந்து, மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுக் கம்பிச் சுருளின் நுனியைத் தேடி எடுத்தார்.

"எண்ணு," என்றார்.